மொட்டை டயர் விஷயமாக அத்தானுக்கு

தேவிகுளம்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு.

மரியாதைக்குரிய அத்தான் சகாயம் அவர்களுக்கு மைத்துனன் யாக்கோபு பணிவோடு எழுதிக்கொள்வது. உங்கள் உடல்நலமும், அக்காவின் முட்டுவலி எந்த அளவில் இருக்கிறது என்பதும், உடும்பஞ்சோலையில் இந்த வருஷம் ஏலச்செடி காய்த்திருக்கும் விதமும் அறிய ஆவலாக இருக்கிறேன். இங்கே நாங்கள் மூவரும் தேவனுடைய இரக்கத்தால் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் மூவரில் ஒருத்திக்கு முழங்கையில் கட்டு, இன்னொருத்திக்குத் தாங்க முடியாத சந்தோஷம், மூன்றாவது ஆளான எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் சுகம் என்று சொல்லலாமா என்பதைக் கடைசி வரை படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

போனில் சொல்லலாமே, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் தோட்டத்தில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றால்தான் போன் எடுக்கும். நீங்கள் அங்கே போய் நின்றால் யாரிடம் பேசுகிறீர்கள் என்று பார்க்க அக்காவும் வந்து நிற்பாள். அக்கா காதில் விழுந்தது அரை மணி நேரத்தில் இங்கே என் வீட்டுக்காரி இன்பமேரி காதில் விழும். இன்பமேரி காதில் விழுந்தால் நான் இந்த வீட்டில் இருக்க முடியாது. ஆகையால்தான் கடிதம். மேலும் நீங்கள் வெறும் அத்தான் மட்டும் அல்ல, என் மகள் நிமிக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்திக்கொண்டு, அவளுக்குப் பதிலாகச் சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று கோயிலில் வாக்குக் கொடுத்தவர். இப்போது அவளைப் பெற்றவனுக்குப் பதிலாகவும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

நிமி கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் வேலை பார்ப்பதும், சம்பளத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கியதும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், அவள் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவதில்லை, ஊருக்கு வெளியே இருக்கிற ரேஸ் மைதானத்தைச் சுற்றுகிறாள். அதற்கு டிராக் டே என்று பெயர். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. தோல் உடுப்பு மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் பத்திருபது பேர் காலை முதல் சாயங்காலம் வரை ஒரே ரோட்டில் வேகவேகமாகச் சுற்றிச்சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார்கள். நான் முப்பது வருஷம் எஸ்டேட் ஜீப்பும் தேயிலைக் கொழுந்து லாரியும் ஓட்டியவன். ரோடு என்றால் எங்கேயாவது போக வேண்டும் என்பது என் எண்ணம். இதை நிமியிடம் சொன்னதற்கு, "அப்பா, நீங்க ஆயுசு பூரா போடிமெட்டுக்கு மேலயும் கீழயும் போயிட்டு இருந்தீங்களே, அப்படி எங்க போய்ச் சேந்தீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

போன மாதம் ஒரு நாள் அவள் போன் செய்து, குரலைத் தணித்துக்கொண்டு ஒரு சேதி சொன்னாள். பெண்பிள்ளைகளை ரேஸுக்குப் பழக்குகிற ஒரு அணியிலிருந்து அடுத்த டிராக் டேக்கு ஆள் வந்து பார்க்கப்போகிறார்களாம். நன்றாக ஓட்டுகிறவர்களில் சிலரை எடுத்துக்கொள்வார்களாம். "அம்மாகிட்ட இப்பச் சொல்லாதீங்கப்பா. கிடைச்சா நானே சொல்றேன்" என்றாள். வண்டியில் இருப்பது ரோட்டு டயர், அதை வைத்துக்கொண்டு வளைவில் நம்பிச் சாய முடியவில்லை, நல்ல டயராகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். பிறகு தினமும் சாயங்காலம் அதே பேச்சு. டயரில் ஒரு வகை சீக்கிரம் தேயாது, ஆனால் பிடிக்காது. ஒரு வகை பிடிக்கும், ஆனால் அதற்கு மின்சாரக் கம்பளி சுற்றிச் சூடேற்ற வேண்டும், அதைப் போட்டு ரோட்டில் ஓட்டவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது, அதிலும் இரண்டு மூன்று தினுசு இருக்கிறது என்று யார் யாரிடமோ விசாரித்ததையெல்லாம் என்னிடம் ஒப்பித்தாள். நான் டி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டே "ம்" போட்டேன். அத்தான், அன்றைக்குப் போட்ட அந்த "ம்"களை எல்லாம் இன்றைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருந்தால் என்ன கொடுத்தும் வாங்கிக்கொள்வேன். ஒரே ஒரு நாள் டி.வி.யை அணைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் வந்திருக்காது.

அவள் தங்கியிருக்கிற லேடீஸ் ஹாஸ்டலில் துணிமணிப் பார்சல் வாங்கி வைப்பார்கள், டயர் வாங்கி வைக்க மாட்டார்கள். ஆகையால் டயர் நம் வீட்டு விலாசத்துக்கு வந்தது. அதை நான் என் ஜீப்பில் போட்டுக் கோயம்புத்தூர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அங்கே மைதானத்திலேயே மாட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறது, இதுதான் ஏற்பாடு. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை சுமைகூலி வேலை, அவ்வளவுதான். பார்சலைப் பிரிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆனால் டயர் வந்திருக்கிறது என்றால் பிரிக்காமல் இருக்க என்னால் முடியுமா? பிரித்தேன். பிரித்ததும் தலையில் இடி விழுந்தது போல ஆயிற்று. டயரில் பள்ளமே இல்லை! நடுவில் நாலு கோடு, பிள்ளைகள் சிலேட்டில் கிறுக்கினது மாதிரி. ஓரமெல்லாம் வழுவழுவென்று மொட்டை. கட்டைவிரலால் அழுத்தினால் ரப்பர் மெத்தென்று உள்ளே போகிறது, நகத்தை வைத்தால் தடம் விழுகிறது, விரலில் அல்வா மாதிரி ஒட்டுகிறது. புது டயர் என்றால் கல்லுக் கணக்காக இருக்க வேண்டாமா? தேய்ந்த பழைய டயரைக் கழுவித் துடைத்து, வெயிலில் உருகினதைக் கூடப் பார்க்காமல் பிள்ளை தலையில் கட்டிவிட்டான் என்றே நினைத்தேன்.

உங்களுக்கு என் மனநிலை புரியும். போடிமெட்டு இறக்கத்தில் பனி மூடின நாளில் மொட்டை டயரோடு வந்து சங்கையா லாரியைக் கொண்டைஊசி வளைவில் சரிவுக்குள் விட்டது நாம் இரண்டு பேரும் ஓடிப்போய்ப் பார்த்ததுதானே. சங்கையா பிழைத்துக்கொண்டான், ஆனால் அதற்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. அன்று முதல் வண்டி எடுக்கும் முன் டயர்ப் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் நான் ஏறினது கிடையாது. அப்படிப்பட்டவன், பெற்ற பிள்ளை அந்த வேகத்தில் வளைவில் சாய்வதற்கு இந்த வழுக்கைத் தலையைக் கொண்டுபோய்க் கொடுப்பதா? நிமிக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். ஏமாந்துவிட்டோம் என்று பிள்ளை வருத்தப்படுவாளே, சத்தமில்லாமல் நாமே சரிசெய்து கொடுப்போம் என்று எனக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது. ஜீப்பில் டயரைப் போட்டுக்கொண்டு நேரே போடிக்கு இறங்கி ஜெகன் டயர் கடைக்குப் போனேன்.

ஜெகன் டயரைத் தூக்கிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணே, இது தேஞ்ச டயரு இல்லண்ணே. செய்யும்போதே இப்படித்தான் செய்வாய்ங்க. ரேஸ் ஓட்டுற பயலுக இதுக்குத் தவங்கிடக்காய்ங்க. எங்கண்ணே கிடைச்சது?" என்றான்.

"நீ எனக்கு டயர் சொல்லித் தாறியா? நீ டிரவுசர் போடுறதுக்கு முன்னாடியே நான் டயர் மாத்தினவன்டே."

"அண்ணே, எதுக்கும் பாப்பாவ ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"பாப்பாவுக்கு என்ன தெரியும்? நல்ல ஆழமாப் பள்ளம் உள்ளதா எடு."

அவன் உள்ளே போய், மலை ஏறுகிற வண்டிகளுக்குப் போடுகிற பட்டன் டயர் ஒரு ஜோடி கொண்டுவந்தான். கட்டை கட்டையாக ரப்பர், இடையில் விரல் முழுக்கப் போகிற பள்ளம். பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த மொட்டை ஜோடியை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷமாக அவன் எந்தப் பண்டமாற்றும் செய்து நான் பார்த்ததில்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புறப்பட்டேன். மறையூர் தாண்டினதும் ரோட்டுக்கு நடுவே ஒற்றை யானை. அது மூங்கிலை ஒடித்துத் தின்று முடிக்கிற வரை இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. நேரம் போய்விட்டதால் உடுமலையில் லாட்ஜில் படுத்துவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் நேராக மைதானத்துக்கே போனேன். நிமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். தோல் உடுப்பில் அவளைப் பார்க்க நம் பிள்ளை மாதிரியே இல்லை, அத்தான், ஏதோ வெளிநாட்டுக்காரி மாதிரி மிடுக்காக இருந்தாள். "அப்பா, டயர்?" என்றாள். நான் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, தார்ப்பாயை இழுத்து, "இந்தா பாரு பிள்ளே" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காட்டினேன். உங்களுக்கு ஏலக்காய்க்கு முதல் பரிசு கிடைத்த அன்று எப்படி நின்றீர்களோ, அப்படி நின்றேன்.

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "என் டயர் எங்கப்பா?" என்றாள்.

வண்டிகளைச் சோதித்து உள்ளே விடுகிறவர் ஒருவர் அங்கே இருந்தார். நல்லமுத்து என்று பெயர், சட்டையில் எழுதியிருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்து ஆள் போலும். அவர் வந்து ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இது தோட்டங்காட்டுல ஓட்டறதுங்க. இதப் போட்டுட்டு வளைவுல சாஞ்சா இந்தக் கட்டையெல்லாம் நெளியுமுங்க. புள்ளைய நாங்க பொறுக்கித்தானுங்க எடுக்கோணும். இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க" என்றார். நான் அவரிடம் மொட்டை டயரின் அபாயம் பற்றி விளக்க ஆரம்பித்தேன். நிமி என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள். "அப்பா, டயர்ல பள்ளம் எதுக்கு? தண்ணிய வெளிய தள்ளுறதுக்கு. நம்ம ஊர்ல வருஷம் பூரா தண்ணி. இங்க ரோடு காஞ்சு கிடக்கு. காஞ்ச ரோட்டுல எவ்வளவு ரப்பர் தரையில படுதோ அவ்வளவும் பிடிமானம். அதான் பள்ளம் இல்ல. ஓட ஓடச் சூடாகி ஒட்டிப் பிடிக்கணும், அதான் மெத்துனு இருக்கு. சீக்கிரம் தேஞ்சிரும். தேஞ்சா தேஞ்சிட்டுப் போகட்டும்னு தெரிஞ்சுதான் வாங்குறது. நான்தான் தினமும் சொன்னேனேப்பா." நான் வழக்கம்போல "ம்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

வேறு டயர் தேட நேரம் இல்லை. வண்டியில் இருந்த பழைய ரோட்டு டயரை நல்லமுத்து தடவிப் பார்த்து, "தேஞ்சிருக்குதுங்க, ஆனாப் போகலாம். பாத்து ஓட்டுங்கம்மணி" என்று விட்டார். முதல் சுற்றுக்கு நிமி கிளம்பினாள். வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பி வைத்த ஒருவர் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் அணியிலிருந்து பார்க்க வந்தவர். நிமி ஒவ்வொரு வளைவிலும் பயந்து பயந்து நிமிர்ந்தே போனாள். எல்லோரும் அவளைத் தாண்டிக்கொண்டு போனார்கள். அதில் மஞ்சள் வண்டிக்காரன் ஒருவன் தரையைத் தொடுகிற மாதிரி சாய்ந்து, அவளை வெளிப்பக்கமாகவே தாண்டிப் போனான்.

சுற்று முடிந்து எல்லோரும் கொட்டகைக்கு வந்ததும் அந்த மஞ்சள் வண்டிக்காரன் நிமியிடம் பேச வந்தான். ஜிபின் என்று பெயர், ராஜாக்காட்டுப் பையன், நம் பக்கத்து ஆள் என்பதால் அவளுக்கு முன்பே பழக்கமாம். "சேச்சி, இந்த டயர் பாத்தோ? எத்தனை மாசமாத் தேடி நடந்தேன் அறியுமோ? கடைசியில போடியில ஒரு கடையில கிட்டுச்சு. ஏதோ ஒரு வயசன் கொண்டு வந்து வேண்டாம்னு போட்டுட்டுப் போயாச்சாம்!" என்றான்.

நிமி அவன் வண்டியின் டயரைப் பார்த்தாள். அதன்பிறகு என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் டிரம்மைப் பார்த்தேன்.

"வேண்டாம்னா போட்டுட்டுப் போனாரு?" என்றாள்.

"ஆமா சேச்சி. புத்தம் புது டயர்! தலைக்கு எதாவது சுகக்கேடா இருக்கும்."

"இருக்கும்" என்றாள் நிமி. "இது எங்கப்பா."

அவன் மரியாதையாக என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நானும் குலுக்கினேன். வேறு என்ன செய்வது? மகளுடைய டயர் மகளையே முந்திக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்த தகப்பன் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இத்தோடு நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருக்கலாம். செய்த கெடுதலுக்கு ஈடாக ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்று என் கை துடித்தது. பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு வைத்து ஏதோ அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார்கள், நிமியும் அங்கே போயிருந்தாள். அவள் வண்டி தனியாக நின்றது. துணியெடுத்துத் துடைத்தேன். துடைக்கும்போது பின் டயரை அழுத்திப் பார்த்தேன். காற்று இறங்கியிருந்தது! முன் டயரிலும் அப்படியே. வேலை மும்முரத்தில் பிள்ளை காற்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள், அதனால்தான் வண்டி தடுமாறியிருக்கிறது, நல்லவேளை நான் வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துக் கொட்டகையில் பம்பு இருந்தது. கேட்டு வாங்கி, லாரிக்காரன் கைக்கு எவ்வளவு திருப்தியோ அவ்வளவு அடித்தேன். தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வந்தது. பம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைகழுவி வருவதற்குள் நிமி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் வேலியோரம் நல்லமுத்து பக்கத்தில் போய் நின்றேன். அவரோடு பகை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சகஜமாகப் பேச்சுக் கொடுத்தேன். "வண்டியில காத்தே இல்ல சார். நல்லவேளை, நான் பாத்து நிறைச்சு விட்டேன்" என்றேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். "நெறச்சீங்களா? ஏனுங்க, டிராக்குல ஓட்டறதுக்குக் காத்த எறக்கித்தானுங்க வெப்பாங்க. ஓட ஓட டயரு சூடாகி, காத்து தானா ஏறுமுங்க. மொதல்லயே நெறயா இருந்துச்சுன்னா டயரு உருண்டு நின்னுட்டு ரோட்டப் புடிக்காதுங்களே..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. மைதானத்தின் கடைசி வளைவுக்கு முந்தின வளைவில், ஜிபினுடைய மஞ்சள் வண்டிக்குப் பின்னாலேயே நிமி சாய்ந்தாள். வண்டி அப்படியே தரையில் படுத்து, புல்லை நோக்கிச் சறுக்கிக்கொண்டு போனது. அவள் தனியாக உருண்டாள். அத்தான், அந்த நேரத்தில் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. வேலியில் ஏறினேன் என்றும், நல்லமுத்துவும் இன்னொருவரும் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள் என்றும் பிறகு சொன்னார்கள். அவள் எழுந்தாள். நேராக என்னிடம் வரவில்லை, வண்டியிடம் போனாள். அதைத் தூக்கி நிறுத்திப் பார்த்தாள். பிரேக் பிடி ஒடிந்திருந்தது. வலது முழங்கையில் உடுப்புக் கிழிந்து ரத்தம். அங்கேயே இருந்த நர்ஸ் கட்டுப் போட்டார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, ஆண்டவருக்குத் தோத்திரம். தொப்பிக்காரர் எழுதிக்கொண்டிருந்த அட்டையை மூடிக்கொண்டு அடுத்த பக்கம் நகர்ந்துவிட்டார். கட்டுப் போட்டு முடிந்ததும் நிமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என் தப்புதான்ப்பா. இந்த வண்டி இனி எனக்கு வேண்டாம். வித்துரலாம்னு இருக்கேன்" என்றாள். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் யாரோ கொடுத்த மோரை ஊற்றிக்கொண்டு மூடிவிட்டேன்.

இப்போது நிமி லீவு போட்டுவிட்டு இங்கே இருக்கிறாள். வண்டியை விற்கப் போகிறாள் என்று கேட்டதும் இன்பமேரிக்குக் கால் தரையில் படவில்லை. மெழுகுதிரி ஏற்றினது வீண்போகவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அவள் மட்டுமா? நானும்தான் எத்தனையோ ராத்திரி, இந்தப் பிள்ளைக்கு வண்டி ஆசை விட்டுப்போக வேண்டும் என்று முழங்காலில் நின்றிருக்கிறேன். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தேயிலைக்காட்டு ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் எனக்கு இந்த வரம் வேண்டாம் என்று தோன்றுகிறது. தனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளே, அது பொய் அல்லவா? ஓட்டினவள் மேல் தப்பில்லை, காற்றடித்தவன் மேல்தானே தப்பு? நான் பேசாமல் இருந்தால் வீடு அமைதியாக இருக்கும், அவளும் எலும்பு முறியாமல் இருப்பாள். சொன்னால் மறுபடி வண்டியில் ஏறிவிடுவாள், என்னோடு பேசவும் மாட்டாள்.

சொல்லிப் பார்க்காமலும் இல்லை. வியாழக்கிழமை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நிமி, அன்னைக்குக் காத்து..." என்று ஆரம்பித்தேன். "ஆமாப்பா, நல்ல காத்து. அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்க" என்றாள். எழுந்துபோய்ச் சாத்தினேன். அதோடு என் தைரியமும் சாத்திக்கொண்டது. இன்று காலை பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பங்குச்சாமியார் மலையாளத்துக்காரர். டயர், காற்று என்று நான் சொன்னதில் பாதி அவருக்கு விளங்கவில்லை. எந்தக் கட்டளைக்குக் கீழே இது வரும் என்று கொஞ்ச நேரம் யோசித்தார். கடைசியில், காற்றடித்தது பாவம் அல்ல, மறைத்ததுதான் பாவம், மகளுக்கு உண்மை தெரிய வேண்டும், அதுதான் உனக்குப் பரிகாரம் என்றார். மகளுக்குத் தெரிய வேண்டும் என்றாரே தவிர, நான்தான் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் உங்கள் ஞாபகம் வந்தது. வருகிற வாரம் ஏதாவது சாக்கு வைத்துத் தேவிகுளம் வந்து, தாலுகா ஆபீஸில் வேலை என்று சொல்லுங்கள், நிமியைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவள் உங்களிடம் கோபப்பட மாட்டாள். அந்த நேரம் நான் சந்தைக்குப் போயிருப்பேன்.

உங்களுக்கும் அக்காவுக்கும் மாதா துணையிருப்பாளாக. உங்கள் செடியில் அழுகல் நோய் அண்டாமலும், காட்டுப்பன்றி வேலிக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலும் இருக்க இந்தக் குடும்பம் தினமும் ஜெபித்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு முத்தமும் சொல்லவும்.

வெட்கத்தோடு,
மைத்துனன் யாக்கோபு.

பின்குறிப்பு: அத்தான், நீங்கள் வர வேண்டாம். கவரை ஒட்டப் பசை தேடினபோது நிமி, "என்னப்பா, ரெண்டு மணி நேரமா யாருக்கு எழுதுறீங்க?" என்று கேட்டாள். என் வாய் தானாகத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. அவள் சிரித்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் அவளே காற்றை அளந்து பார்ப்பாளாம். அன்றைக்கு அளந்தபோதே யார் வேலை என்று தெரிந்துபோய், வேண்டிய அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் ஓட்டினாளாம். "நீங்க கை வச்சத நான் திரும்பப் பாக்காம எடுப்பேனாப்பா?" என்கிறாள். பிறகு ஏன் விழுந்தாய் என்றேன். தன் டயரில் இன்னொருவன் போவதைப் பார்த்துப் பொறுக்காமல், அவனைப் பிடித்துவிட வேண்டும் என்று பிரேக்கைத் தாமதமாகப் பிடித்தாளாம். தொப்பிக்காரர் நேற்று போன் செய்து, அடுத்த முறை ஒழுங்கான டயரோடு வந்து காட்டச் சொன்னாராம். வண்டியை விற்பது உண்மைதான், இதைவிடப் பெரிய வண்டி வாங்குவதற்கு. ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தது அதைத்தானாம். இவ்வளவு எழுதினதைக் கிழிக்க மனம் வராததால் அனுப்புகிறேன். இன்பமேரி நன்றிப் பூசைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள், ஆகையால் பெரிய வண்டி விஷயத்தை அக்காவிடம் மூச்சு விட வேண்டாம். அடுத்த சனிக்கிழமை நிமி புது டயர் வாங்கப் போகிறாள். நானும் வரலாமாம், ஆனால் கடைக்குள் வாயைத் திறக்கக் கூடாதாம். சம்மதித்துவிட்டேன். கடை வாசலில் நின்று பேசலாமா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.